மண்வள அட்டையில் இன்னும் ஒரு வரி வேண்டும்

தமிழ்நாடு வேளாண்மைத் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட மண் பரிசோதனை நிலையங்களில் பணிபுரியும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது விளாத்திகுளம் பக்கம் அண்ணன் வீட்டோடு இருக்கிறேன். முழுக்க மானாவாரிக் கரிசல். உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் போடுவார்கள்.

போன புரட்டாசியில், விதைப்புக்கு முன்னால், அண்ணன் மகன் இரண்டு மண்வள அட்டைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். இரண்டும் ஒரே காட்டுக்கு உரியவை. முதல் அட்டையில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஹெக்டேருக்கு 9 கிலோ, 'குறைவு'. அடுத்த அட்டையில் 19 கிலோ, 'நடுத்தரம்'. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம் மழை ஏமாற்றிக் காடு தரிசாகவே கிடந்தது. அந்த இடைவெளியில் மணிச்சத்து உரமான டிஏபி ஒரு கை கூட அந்த மண்ணில் விழவில்லை.

"அத்தை, இதுல எது நெசம்?" என்று கேட்டான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதே வேலையை இத்தனை வருஷம் செய்தவளுக்கே அந்த அட்டைகளை வாசிக்கத் தெரியவில்லை. எண் அச்சாகியிருக்கிறது. அந்த எண் எந்தக் கரைசலில், எந்த வெயிலில், எந்த மாதத்தில் பிறந்தது என்பது அட்டையில் எங்குமே இல்லை. மற்றச் சத்துகளுக்கு அது இல்லாமலும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். மணிச்சத்துக்கு முடியாது. அதை விளக்கத்தான் இந்த மடல்.

ஒரு கிலோ மண்ணில் மொத்த மணிச்சத்து பல நூறு மில்லிகிராம் இருக்கும். அதில் பயிரின் வேருக்கு எட்டுவது சில மில்லிகிராம்தான். கரிசலில் சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீலகிரித் தேயிலைச் சரிவிலும் கன்னியாகுமரிச் செம்பொறை மண்ணிலும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அடியுரமாகப் போடும் மணிச்சத்தில் முதல் பயிர் எடுப்பது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மிச்சம் இந்தப் பிடிக்குள் போய்விடுகிறது. ஆகவே 'கிடைக்கும் மணிச்சத்து' என்று நாம் எழுதுவது, பிடியில் இருப்பதை ஒரு குறிப்பிட்ட கரைசல் எவ்வளவு இழுத்து வெளியே கொண்டுவந்தது என்ற கணக்கு. கரைசலை மாற்றினால் கணக்கும் மாறும்.

நம் நிலையங்களில் பெரிதும் பழக்கத்தில் உள்ளது ஓல்சன் முறை. 1954-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டெர்லிங் ஓல்சனும் கூட்டாளிகளும் சுண்ணாம்பு மண்ணுக்கென்று வகுத்தது. சோடியம் பைகார்பனேட், அதாவது நம் அடுப்படி ஆப்பசோடா, லிட்டருக்கு 42 கிராம், கார அமில நிலை 8.5. இரண்டரை கிராம் மண்ணை 50 மில்லி கரைசலில் போட்டு அரை மணி நேரம் குலுக்க வேண்டும். பைகார்பனேட் சுண்ணாம்புச் சத்தைக் கார்பனேட்டாகப் படியவைக்கும்போது, அதனிடம் கட்டுண்டிருந்த மணிச்சத்து கரைசலுக்கு வருகிறது. கரிசலுக்கு இது பொருந்திய முறை. நடுநிலை மண்ணிலும் லேசான அமில மண்ணிலும்கூட ஓரளவு நன்றாகவே உழைக்கும்.

பிரே முறை அதற்கும் மூத்தது. 1945-இல் இல்லினாய் மாநிலத்தில் பிரேயும் குர்ட்ஸும் வகுத்தார்கள். அம்மோனியம் புளோரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசல், சில நிமிடக் குலுக்கல். புளோரைடு அலுமினியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கிறது. நீலகிரி மண்ணுக்கு ஏற்றது. அதையே எங்கள் கரிசலில் செய்து பாருங்கள்: சுண்ணாம்பு அமிலத்தைக் குடித்துவிடும், புளோரைடும் சுண்ணாம்போடு சேர்ந்து படிந்துவிடும். வருகிற எண், மண்ணில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். 1984-இல் வந்த மேலிக்-3 முறையில் ஒரே கரைசலில் பல சத்துகளைப் பார்த்துவிடலாம் என்பதால் புதிய கருவி வாங்கும் இடங்களில் அதற்கு ஒரு கவர்ச்சி உண்டு. அதன் எண் வேறு, அதற்கான வரம்பு வேறு. அதை ஓல்சன் அட்டவணையில் வைத்து வாசிக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் பாறை பாஸ்பேட், அதாவது மணிச்சத்துள்ள பாறையைப் பொடித்த உரம், போடுவார்கள். அந்தத் துகள்கள் கரையாமல் மண்ணில் கிடக்கும்போது வலுவான அமிலக் கரைசலில் சோதித்தால், பயிருக்கு இன்னும் எட்டாத அதுவும் கரைந்து எண்ணில் ஏறிவிடும். தோட்டக்காரர் அட்டையைப் பார்த்து நிம்மதியாக இருப்பார், செடி பட்டினி கிடக்கும்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். நான் இங்கே வந்து நிற்பது வெயிலைப் பற்றிப் பேசத்தான்.

ஓல்சன் முறை வெப்பத்துக்கு ஆடுகிற முறை. அதை ஓல்சனே தம் முதல் அறிக்கையில் அளந்து சொல்லியிருக்கிறார்: 20 முதல் 30 டிகிரி வரை, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், கிலோ மண்ணுக்கு 0.43 மில்லிகிராம் மணிச்சத்து கூடுதலாக வெளிவருகிறது. சின்ன எண்தான். பத்து டிகிரிக்குப் பெருக்கிப் பாருங்கள், 4.3 மில்லிகிராம். நாம் ஹெக்டேர் கணக்குக்கு மாற்றப் பயன்படுத்தும் 2.24-ஆல் பெருக்கினால் 9.6 கிலோ. தமிழ்நாட்டில் ஓல்சன் எண்ணுக்கு நாம் வைத்திருக்கும் வரம்பு என்ன? 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். நடுத்தரம் என்ற வகுப்பின் அகலமே 11 கிலோதான். மார்கழிக் காலையில் குலுக்கிய மண்ணுக்கும் சித்திரை மதியத்தில் குலுக்கிய மண்ணுக்கும் இடையில், மண் அதேதான் என்றாலும், கிட்டத்தட்ட ஒரு முழு வகுப்பு நழுவிவிட முடியும்.

நான் வேலை பார்த்த இடத்தில் குளிர்சாதனம் கருவி அறையில் மட்டும் இருந்தது. கருவி விலையுயர்ந்தது, அதைக் காக்க வேண்டும் என்பது நியாயந்தான். குலுக்கும் இயந்திரம் வெளியே கூடத்தில், மேற்குச் சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. கோடையில் குடுவையைத் தொட்டாலே வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே டப்பாவில் எடுத்து வைத்த மண்ணை ஆசைக்காக இரண்டு பருவத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறேன். சித்திரை எண் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே வந்தது. அதை யாரிடமும் எழுத்தில் கொடுக்காமல் விட்டது என் தவறு. கூடத்தில் ஒரு வெப்பமானி மாட்டி, அது காட்டுவதைப் பதிவேட்டில் குறிப்பது அன்றைக்கே செய்திருக்கக் கூடிய காரியம்.

வெப்பத்தை விட்டால் அடுத்த சங்கடம் நிறம் உண்டாக்கும் இடத்தில். சாற்றில் வந்த மணிச்சத்தை நீல நிறமாக்கி, அந்த நீலத்தின் அடர்த்தியை வைத்துத்தான் அளக்கிறோம். கரிசல் மண்ணின் சாறு டீத்தண்ணி நிறத்தில் இறங்கும். அந்த நிறத்தை எடுக்கக் கரித்தூள் போடுகிறோம். கரித்தூளிலேயே மணிச்சத்து இருந்தால், மண் போடாத வெற்றுக் குடுவையும் நீலமாக வரும். அமிலத்தில் கழுவிய கரித்தூள் தீர்ந்துபோன வாரத்தில், கையில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டானஸ் குளோரைடில் உண்டாகும் நீலம் சில நிமிடங்களில் மங்கத் தொடங்கும். நாற்பது குடுவையை வரிசையாக நிறுத்தி ஒரே ஆள் அளந்தால், கடைசிக் குடுவையின் விவசாயிக்குக் குறைவான எண்தான் கிடைக்கும். 1962-இல் மர்ஃபியும் ரைலியும் கொடுத்த அஸ்கார்பிக் அமில முறையில் நீலம் பல மணி நேரம் நிற்கும். அந்த முறைக்கு மாறாத நிலையம் இன்னும் இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளில் கண்ணாடிக் குடுவை கழுவுவதையும் நிறுத்திவிடுங்கள். பைகார்பனேட் கரைசலை வாரக்கணக்கில் திறந்து வைத்தால் அதன் கார நிலை ஏறிவிடும், அதனோடு எண்ணும் நகரும். இதில் எதுவுமே செலவு பிடிக்கிற காரியம் இல்லை. கவனம் கேட்கிற காரியம், அந்தக் கவனத்துக்கு ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மாதிரி முடிக்க வேண்டும் என்ற இலக்கு தலைக்கு மேல் நிற்கும்போது கை அவசரப்படத்தான் செய்யும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த மேசையில் நின்றவள் நான்.

மாதிரி எடுப்பதும் அப்படித்தான். மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு கட்டம், இறவையில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு கட்டம் என்று 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் வகுத்தது. பத்து ஹெக்டேரின் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டேகால் கோடி கிலோ. அதற்கு நாம் குலுக்குவது இரண்டரை கிராம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் அந்தப் பதம் செல்லும். அண்ணன் மகனுடைய இரண்டு அட்டைகளும் அந்தப் பத்து ஹெக்டேருக்குள் வேறு வேறு இடத்து மண்ணாக இருந்திருக்கவும் கூடும். ஆட்டுக்கிடை போட்ட இடமாக இருந்தால் எண் எகிறியிருக்கும். மண்ணைக் காயவைக்கப் பழைய டிஏபி சாக்கை விரிப்பது ஊரெல்லாம் நடக்கிறது. மணிச்சத்தை அளக்கக் கொடுக்கும் மண்ணை மணிச்சத்து உதிரும் சாக்கில் பரப்பினால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்? வேட்டியிலோ செய்தித்தாளிலோ நிழலில் உலர்த்துங்கள் என்று ஒவ்வொரு கிராமக் கூட்டத்திலும் சொல்ல வேண்டும்.

செம்மண் காட்டுக்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. சரளை கலந்த செவலில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கும்போது கல் மேலே நின்றுவிடும், சலித்த பொடி மண்ணை மட்டும் சோதிப்போம். காட்டில் மூன்றில் ஒரு பங்கு சரளை என்றால், அட்டையில் வரும் கிலோவிலும் மூன்றில் ஒரு பங்கு இல்லாததுதான். 2.24 என்ற பெருக்கு எண்ணுக்குச் சரளை தெரியாது. சல்லடையில் நின்ற கல்லை எடைபோட்டு எழுதினாலே போதும்.

காவிரிப் படுகைக்கு வருகிறேன். அங்கே நாம் உலர்ந்த மண்ணைச் சோதிக்கிறோம், நெல்லோ தண்ணீரில் நிற்கிறது. வயலில் தண்ணீர் கட்டிய சில வாரங்களில் மண்ணுக்குள் காற்று தீர்ந்து, இரும்பு வேறு நிலைக்கு மாறி, தான் பிடித்து வைத்திருந்த மணிச்சத்தை விட்டுவிடுகிறது. நீர் தேங்கிய மண்ணின் இந்த வேதியியலை உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் இலங்கையில் பிறந்த பொன்னம்பெருமா. பிலிப்பைன்ஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு 1972-இல் அதைத் தொகுத்து எழுதினார். ஆகவே உலர்மண்ணில் 'குறைவு' என்று வந்த வயலிலும் சம்பாவுக்குத் தேவையான மணிச்சத்து கிடைத்துவிடலாம். கதை அதோடு முடிவதில்லை. தை மாதம் தண்ணீர் வடிந்து, நெல் தாளுக்குள் தெளித்த உளுந்து முளைக்கும்போது, இரும்பு மறுபடி பழைய நிலைக்குத் திரும்பி மணிச்சத்தை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பூக்கும் பருவத்தில் உளுந்துக்கு இரண்டு சதவீத டிஏபி கரைசலைத் தெளிக்கச் சொல்லும் நம் பரிந்துரை அந்த வயல்களில் இவ்வளவு கைகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரே வயல், ஒரே அட்டை, ஒரே எண். நெல்லுக்கு ஒரு பொருள், உளுந்துக்கு வேறு பொருள். அட்டை அதைச் சொல்லவில்லை.

இதனால் என்ன நட்டம் என்று யாராவது கேட்கலாம். நெல்லுக்குப் பொதுவாக ஹெக்டேருக்கு, உர மூட்டைக் கணக்கில், 50 கிலோ மணிச்சத்து பரிந்துரைக்கிறோம். மண்ணில் அதிகம் என்றால் கால் பங்கு குறைக்கவும், குறைவு என்றால் கால் பங்கு கூட்டவும் சொல்கிறோம். ஒரு வகுப்பு தவறினால் 12.5 கிலோ வித்தியாசம், டிஏபியாக 27 கிலோ. மூட்டை 1,350 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 300 ரூபாய். மூன்று ஏக்கர்க்காரருக்கு மொத்தம் 900 ரூபாய், ஏறத்தாழ இரண்டு நாள் கூலி. விற்பனை விலைக்கு மேல் அரசு கொடுக்கும் மானியம் தனி. டிஏபியும் அதற்கான பாறை பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் பெரும்பகுதி கடல் கடந்து வருகின்றன, மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் சவூதியிலிருந்தும். தேவையில்லாத வயலில் ஆண்டுதோறும் அதைக் கொட்டும்போது பயிருக்குத் துத்தநாகம் எட்டாமல் போகிறது. வேரோடு கூடி வாழும் பூசணத்தின் துணையும் பயிருக்குக் குறைகிறது. தேவையான வயலில் போடாமல் விட்டால் உளுந்துச் செடி குட்டையாக நின்றுவிடும். பட்டினியில் நிற்கும் பயிரைப் பார்க்கிறபோது எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

இனி நான் கேட்பது. அட்டையில் மணிச்சத்து எண்ணுக்குக் கீழே ஒரு வரி அச்சிடுங்கள். எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டுகிறேன்:

'ஓல்சன் முறை, குலுக்கிய வெப்பம் 27 டிகிரி, ஆய்வு நாள், பாஸ்பரஸாக 9 கிலோ, உர மூட்டைக் கணக்கில் 21 கிலோ.'

கடைசித் துண்டை ஏன் சேர்த்தேன் என்றால், அட்டையில் நாம் எழுதுவது பாஸ்பரஸ், மூட்டையில் அச்சிட்டிருப்பது பாஸ்பரஸ் ஆக்சைடு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக 2.29-ஆல் பெருக்க வேண்டும். உரக்கடையில் நின்று அட்டையையும் மூட்டையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுகிற விவசாயிக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த வரியை அச்சிட முடிவு செய்துவிட்டால், அதை உண்மையாக நிரப்ப வேண்டியிருக்கும். குலுக்கும் இடத்தில் வெப்பமானி தானாக வந்து சேரும். 25 டிகிரியில் குலுக்க ஏற்பாடு செய்ய முடிந்த நிலையங்கள் செய்யட்டும், முடியாத இடத்தில் வெப்பத்தை எழுதட்டும். அமில மண் உள்ள வட்டாரங்களுக்கு எந்த முறை, எந்த வரம்பு என்று ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும். பிரே எண்ணை ஓல்சன் வரம்பில் வாசிக்கும் தவறு எங்கேயாவது நடந்துகொண்டிருந்தால் அதுவும் அந்த வரியில் தெரிந்துவிடும்.

கூடவே ஒரு வேலை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் கரிசல், செவல், படுகை வண்டல், நீலகிரி மண் என நான்கு மண்ணை நிறையச் சேகரித்து, சலித்து, நன்றாகக் கலந்து, எல்லா மாவட்ட நிலையங்களுக்கும் நடமாடும் மண் பரிசோதனை ஊர்திகளுக்கும் டப்பா டப்பாவாக அனுப்புங்கள். ஒவ்வொரு நாள் தொகுதியிலும் அதில் ஒன்று நடுவில் போகட்டும். அதன் எண் இயல்பான அளவை விட்டு விலகினால் அன்றைய தொகுதியை மறுபடி செய்யலாம். உலக உணவு வேளாண்மை அமைப்பு 2017-இல் தொடங்கிய உலக மண் ஆய்வகக் கூட்டிணைப்பு, நாடுகளுக்கிடையே இதே போல மண்ணைச் சுற்றுக்கு விட்டு எண்களை ஒப்பிடுகிறது. நம் மாவட்டங்களுக்குள் அதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1967 முதல் நடந்துவரும் மண் ஆய்வு, பயிர் ஏற்பு ஆராய்ச்சியில் பல மண்ணுக்கும் பயிருக்கும் இலக்கு மகசூல் சமன்பாடுகள், அதாவது வேண்டிய விளைச்சலுக்கு எவ்வளவு உரம் என்று சொல்லும் கணக்குகள், இருக்கின்றன. அவை அத்தனையும் மண் ஆய்வு எண்ணை நம்பி நிற்பவை. எண் ஆடினால் அவ்வளவு வருஷ உழைப்பும் வயலுக்கு வந்து சேராது.

அன்றைக்கு அண்ணன் மகனிடம், இரண்டு எண்ணுக்கும் நடுவில் வைத்துக்கொள், கட்டுண்ட மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிரை விதையோடு கலந்து விதை, பூக்கும்போது டிஏபி கரைசல் தெளி என்று சொன்னேன். உளுந்து சுமாராக வந்தது. இப்போது அறுப்பு முடிந்து காடு சும்மா கிடக்கிறது. கிடை போட்ட மூலையை விட்டுவிட்டு, பதினைந்து இடத்தில் வி வடிவக் குழி எடுத்து, பழைய வேட்டியில் நிழலில் உலர்த்தி, துணிப்பையில் அரை கிலோ கட்டி வைத்திருக்கிறான். பையோடு ஒரு சீட்டும் வருகிறது. எந்த முறையில், எத்தனை டிகிரியில் பார்த்தீர்கள் என்று அதில் கேட்டிருக்கிறோம். பதிலுக்கு இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
மண் பரிசோதனை நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருத்தி
விளாத்திகுளம் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்